கறிவேப்பிலைக்கும் காவல் வேண்டும்



இந்தப் பாடத்தைத் தொடங்குமுன் ஒரு சின்னக் கணக்கு. உங்கள் வீட்டிலும் நீங்கள் போகும் கோயிலிலும் ஒரு வாரத்தில் பயன்படும் இலை, காய், பூ எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். கறிவேப்பிலை, எலுமிச்சை, வெற்றிலை, வாழை, தேங்காய், மாவிலை, வேப்பிலை, துளசி, வில்வம், அருகம்புல் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். அடுத்து, இவற்றில் எத்தனை செடிகளின் இலையைத் திருப்பி அடிப்பக்கத்தை உற்றுப் பார்த்திருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். பெரும்பாலும் பூஜ்யம்தான் வரும். பறிக்கிறோம், வாங்குகிறோம், கழுவுகிறோம். பார்ப்பது மட்டும் கிடையாது.

ஐக்கிய நாடுகள் சபை 2020-ஆம் ஆண்டை அனைத்துலகத் தாவர நல ஆண்டாக அறிவித்தது. அந்த ஆண்டு நாமெல்லாம் நடமாட்டக் கட்டுப்பாட்டில் வீட்டுக்குள் இருந்தோம், அதனால் பலருக்கு இது தெரியாமலே போய்விட்டது. பிறகு மே 12 ஒவ்வோர் ஆண்டும் தாவர நல நாள் என்று ஆனது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு சொல்லும் கணக்குப்படி, நாம் உண்ணும் உணவில் 80 விழுக்காடும் சுவாசிக்கும் ஆக்சிஜனில் 98 விழுக்காடும் தாவரங்களிலிருந்து வருகின்றன. பூச்சியும் நோயும் சேர்ந்து உலகின் உணவுப் பயிர்களில் ஆண்டுக்கு 40 விழுக்காடு வரை அழித்துவிடுகின்றன. பத்துப் பேருக்குச் சமைத்ததில் நான்கு பேர் சாப்பாடு பரிமாறுவதற்கு முன்பே கெட்டுப்போன மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"சுற்றுச்சூழலைக் காப்போம்" என்றதும் நமக்கு நெகிழிப் பையும் மரம் நடுவிழாவும்தான் நினைவுக்கு வரும். நட்ட மரம் நோயில்லாமல் இருக்கிறதா என்ற கேள்வி வருவதில்லை. இந்தப் பாடம் அந்தக் கேள்வியைப் பற்றியது. பொதுவாகப் பேசினால் மறந்துவிடும் என்பதால், நம் வாசலிலேயே நிற்கும் ஒரு செடிக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம்.

ஒரே குடும்பம்

கறிவேப்பிலை, எலுமிச்சை, நார்த்தை, வில்வம், விளாம்பழம். இந்த ஐந்துக்கும் என்ன உறவு, சொல்லுங்க பார்ப்போம்?

ஐந்தும் ரூட்டேசி என்ற ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. நாசி லெமாக் கடையில் சம்பாலுக்குப் பிழியும் லிமாவ் கஸ்தூரி, தோம் யாமில் போடும் லிமாவ் பூருட், சீனப் புத்தாண்டுக்குப் பெட்டி பெட்டியாக வரும் ஆரஞ்சு, தாமான் வீடுகளின் வேலியில் வெள்ளைப் பூவோடு மணக்கும் கெமுனிங் எல்லாமே இதே குடும்பம்தான். ஒரு இலையைக் கசக்கி முகர்ந்தால் காரமும் மணமும் கலந்து வருகிறதே, அந்த எண்ணெய்ப் பைகள் இந்தக் குடும்பத்தின் அடையாளம்.

சிவனுக்கு வில்வம், அம்மனுக்கு எலுமிச்சை மாலை, புது வண்டியின் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம், தாளிக்கக் கறிவேப்பிலை என்று நம் வழிபாடும் சமையலும் இந்த ஒரு குடும்பத்தின்மேல் எவ்வளவு சாய்ந்திருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். இந்தக் குடும்பத்தில் எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளுக்கு ஒரு கொடிய நோய் இருக்கிறது. அது பரவ நம் கறிவேப்பிலைச் செடியும் வழி செய்யக்கூடும்.

மஞ்சள் தளிர் நோய்

இதன் சீனப் பெயர் ஹுவாங்லோங்பிங், அதாவது மஞ்சள் தளிர் நோய். ஆங்கிலத்தில் சிட்ரஸ் கிரீனிங் என்பார்கள். காரணம் ஒரு பாக்டீரியா. இலையில் தயாராகும் சர்க்கரையைக் கிளைக்கும் வேருக்கும் கொண்டு போகும் புளோயம் குழாய்க்குள் அது குடியேறுகிறது. குழாய் மெல்ல அடைபடுகிறது. இலையில் மாவுச்சத்து தேங்கி நிற்க, வேர் பட்டினி கிடக்கிறது. பழம் சிறுத்து, ஒரு பக்கமாகக் கோணி, அடிப்பகுதி பச்சையாகவே நின்று, கசக்கும். சில ஆண்டுகளில் மரம் காய்ந்துவிடும். நோய் வந்த மரத்தைக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை.

பாக்டீரியா தானாகப் பறந்து வராது. அதைச் சுமந்து வருவது சில்லிட் என்ற பூச்சி. நீளம் 3 முதல் 4 மில்லிமீட்டர்தான், எள்ளைவிடச் சற்றுப் பெரியது. இலையில் உட்காரும்போது தலையைக் கீழே வைத்து, வால்பக்கத்தைச் சாய்வாகத் தூக்கி நிற்கும். இப்படி நிற்பதை வைத்தே இதை அடையாளம் காணலாம். முட்டையிடுவது விரியாத இளந்தளிரில் மட்டும். இளம்பூச்சிகள் தளிரின் சாற்றை உறிஞ்சும்போது வெள்ளை நூல் போன்ற மெழுகை வெளியே தள்ளும். தளிர் சுருண்டு, மேலே வெள்ளை வெள்ளையாக நூல் தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

கறிவேப்பிலைச் செடி இந்த நோயால் சாவதில்லை. ஆனால் சில்லிட் பூச்சிக்குக் கறிவேப்பிலைத் தளிர் நல்ல விருந்து. கெமுனிங் தளிரும் அப்படியே. நாம் வாரா வாரம் கறிவேப்பிலையை ஒடிக்க ஒடிக்கப் புதுத் தளிர் வந்துகொண்டே இருக்கிறது, பூச்சிக்குத் தொட்டிலும் தயாராகிக்கொண்டே இருக்கிறது. அங்கே பெருகிய பூச்சி பக்கத்து வீட்டு எலுமிச்சைக்குப் போகும். அந்த எலுமிச்சையில் நோய் இருந்தால், அதன் சாற்றைக் குடித்து வளர்ந்த பூச்சி வாழ்நாள் முழுவதும் நோயைச் சுமந்து அடுத்த மரத்துக்குக் கொண்டுபோகும்.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 1998-இல் இந்தப் பூச்சி வந்தது. நோய் கண்டுபிடிக்கப்பட்டது 2005-இல். 2003-04 பருவத்தில் அங்கே சுமார் 24 கோடி பெட்டி ஆரஞ்சு விளைந்தது. 2023-24 பருவத்தில் அது 2 கோடிப் பெட்டிக்கும் கீழே போய்விட்டது. புயல்களும் சேர்ந்துதான் இந்த நிலையைக் கொண்டுவந்தன. ஆனால் மரங்களை முதலில் பலவீனப்படுத்தியது இந்த நோய்தான். நம் மலேசியாவின் லிமாவ் தோட்டங்களையும் இது விட்டுவைக்கவில்லை.

நான் பொறியியல் மாணவன், தாவரவியல் என் துறை அல்ல. ஆனால் எங்கள் கட்டுப்பாட்டுப் பொறியியல் வகுப்பில் 'டெட் டைம்' என்று ஒன்று படிக்கிறோம். நீங்கள் ஒரு செயலைச் செய்கிறீர்கள், அதன் விளைவு கருவியில் தெரிய நேரம் பிடிக்கிறது. அந்த இடைவெளி நீள நீள, விளைவைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்ற முறை வேலை செய்யாது. இந்த நோயும் அப்படியே. மரத்துக்குள் பாக்டீரியா புகுந்து பல மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் கழித்தே இலையில் அடையாளம் தெரியும். அதுவரை மரம் பச்சைப் பசேலென்று நிற்கும், பூச்சியோ நோயைப் பரப்பிக்கொண்டிருக்கும். கோவிட் காலத்தில் அறிகுறி இல்லாதவர்கள் மூலம் தொற்று பரவியதைப் பார்த்தோம் இல்லையா? அதே கதைதான். அதனால்தான் தாவர நலத்தில் வந்தபின் வைத்தியம் என்பதைவிட வருமுன் காத்தல் என்பதே முதல் பாடம்.

பேனா சோதனை

எலுமிச்சை இலை மஞ்சளானாலே இந்த நோய் என்று பயந்துவிட வேண்டாம். உரச்சத்துக் குறைவாலும் இலை மஞ்சளாகும். வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு பேனா போதும்.

இலையின் நடு நரம்புக்கு இடப்பக்கம் மஞ்சள் திட்டு இருக்கும் இடத்தில் ஒரு வட்டம் போடுங்கள். வலப்பக்கம் அதற்கு நேர் எதிரே அதே அளவில் இன்னொரு வட்டம் போடுங்கள். இரண்டு வட்டத்துக்குள்ளும் நிறம் ஒரே மாதிரி இருந்தால் பெரும்பாலும் சத்துக் குறைவு. ஒன்று மஞ்சளாகவும் இன்னொன்று பச்சையாகவும் இருந்து, இப்படி ஒழுங்கில்லாத திட்டுகள் பல இலைகளில் தெரிந்தால் மஞ்சள் தளிர் நோயாக இருக்கலாம். முடிவாகச் சொல்ல ஆய்வுக்கூடச் சோதனை வேண்டும். படம் எடுத்துக்கொண்டு உங்கள் மாவட்ட விவசாய இலாகாவில் காட்டுங்கள். கிளையை ஒடித்துக் கையில் எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றாதீர்கள். பூச்சி இருந்தால் நாமே அதற்கு வண்டி கொடுத்தது போல ஆகிவிடும்.

நோய் மாற்றிய நம் வரலாறு

"ஒரு செடிக்கு நோய் வந்தால் என்ன குடிமுழுகிப் போகும்?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நம் சொந்த வரலாற்றிலிருந்தே இரண்டு பதில்கள்.

முதலாவது இலங்கை. தமிழ்நாட்டிலிருந்து போன நம் மக்கள் அங்கே முதலில் வேலை செய்தது காப்பித் தோட்டங்களில். 1869-இல் அந்தக் காப்பி இலைகளில் ஆரஞ்சு நிறத் துரு போல ஒரு பூஞ்சை அடையாளம் காணப்பட்டது. ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் காப்பித் தொழில் சரிந்து, அந்த மலைகளில் தேயிலை வந்தது. காப்பிக்கு அறுவடைக் காலத்தில்தான் அதிக ஆள் தேவை, தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க ஆள் வேண்டும். பருவத்துக்கு வந்து திரும்பிய தொழிலாளர்கள் குடும்பத்தோடு மலையகத்திலேயே தங்கும் நிலை வந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சைக்கு ஒரு சமூகத்தின் தலையெழுத்தில் பங்கு இருந்தது.

இரண்டாவது நம் மலேசியாவின் கதை, ஆனால் தலைகீழாக. ரப்பர் மரத்தின் தாயகம் பிரேசில். 1876-இல் ஹென்றி விக்கம் அங்கிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டு போனார். சில ஆயிரம்தான் முளைத்தன. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன, அவற்றில் 9 கோலகங்சாரில் நடப்பட்டன. நம் தாத்தா பாட்டிகள் பால்மரம் வெட்டிய தோட்டங்களின் வரலாறு அங்கே தொடங்குகிறது.

பிரேசிலில் ரப்பர் மரத்துக்குத் தென் அமெரிக்க இலைக் கருகல் என்ற ஒரு பூஞ்சை நோய் உண்டு. அந்த விதைகளோடும் கன்றுகளோடும் அது இங்கே வந்து சேரவில்லை. அதே மரத்தை அதன் தாய்நாட்டிலேயே தோட்டமாக வளர்க்க ஹென்றி ஃபோர்டு 1920-களின் இறுதியில் பெரும் பணம் போட்டார். நெருக்கமாக நட்ட மரங்களில் அந்த நோய் காட்டுத்தீ போலப் பரவியது. கடைசியில் 1945-இல் தோட்டங்களைப் பிரேசில் அரசிடமே விட்டுவிட்டார். அந்த நோய் இன்னும் ஆசியாவுக்குள் நுழையவில்லை. வராமல் இருக்க மலேசியா இன்றும் கடுமையான கட்டுப்பாடு வைத்திருக்கிறது. நோய் வந்ததால் அங்கே ஒரு வாழ்க்கை மாறியது, வராததால் இங்கே ஒரு வாழ்க்கை அமைந்தது. தோட்ட வாழ்க்கையின் கஷ்டங்கள் வேறு கதை. ஆனால் ஒரு செடியின் நலம் மனிதரின் நலத்தோடு எப்படிக் கட்டுண்டு கிடக்கிறது என்பதற்கு நம் குடும்பங்களே சாட்சி.

பைக்குள் ஒரு கன்று

எங்கள் கோயில் இளைஞர் பிரிவில் நடந்த ஒரு விவாதத்தை இங்கே சொல்ல வேண்டும். பெரியவர்கள் சிலர் காசி யாத்திரைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். திரும்பும்போது கோயிலுக்கு ஒரு வில்வக் கன்று கொண்டு வர வேண்டும் என்பது அவர்கள் ஆசை. எங்கள் பிரிவில் உயிரியல் படிக்கும் ஒரு அக்கா, "அனுமதி இல்லாம கொண்டு வரக் கூடாதுங்க ஐயா" என்றார்.

"ஏம்மா, சாமிக்குத்தானே கொண்டு வர்றோம்? ஒரு சாண் கன்று. ஈரத்துணியில சுத்திப் பையில வச்சா யாருக்குத் தெரியும்?"

"அதான் ஐயா பயமே. அந்த மண்ணுல என்ன ஒட்டிக்கிட்டு வருதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

இந்தப் பதிலை நான் பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு கைப்பிடி மண்ணில் கண்ணுக்குத் தெரியாத நூற்புழு இருக்கலாம், நத்தை முட்டை இருக்கலாம், பூஞ்சை வித்து இருக்கலாம். இலைக் கணுவில் பூச்சி முட்டை இருக்கலாம். பக்தியோடு கொண்டு வந்தாலும் அவற்றுக்கு அது தெரியாது, பையிலிருந்து இறங்கினால் தம் வேலையைச் செய்யும்.

இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. 2009-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், பிரெஸ்னோ என்ற ஊரில் ஒரு மோப்ப நாய் ஒரு பையைக் காட்டிக் கொடுத்தது. இந்தியாவிலிருந்து வந்த அந்தப் பைக்குள் கறிவேப்பிலை. கறிவேப்பிலையில் உயிரோடு சில்லிட் பூச்சிகள். சோதித்ததில் அந்தப் பூச்சிகளிடம் மஞ்சள் தளிர் நோயின் கிருமி இருந்தது. அனுப்பியவர் கெட்ட எண்ணத்தோடு அனுப்பியிருப்பார் என்று யாராவது நினைப்போமா? வீட்டு ஞாபகமாக ஒரு கொத்துக் கறிவேப்பிலை, அவ்வளவுதான். 2012-இல் அதே மாநிலத்தில் முதன்முதலில் நோய் உறுதியான மரமும் பெரிய தோட்டத்தில் நிற்கவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் ஒரு வீட்டுப் புறக்கடையில் நின்றது.

மலேசியச் சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 1976-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டமும் 2011-ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், பரிசோதனைச் சேவைகள் சட்டமும் உள்ளன. கன்று, விதை, மண் எதுவானாலும் முன்கூட்டியே இறக்குமதி அனுமதி வாங்க வேண்டும், புறப்படும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் தேவை. அனுமதி இல்லாமல் கொண்டு வந்தால் 1 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஆறு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு.

"எலுமிச்சை நோய்தான் இங்கே ஏற்கெனவே இருக்கே, இன்னும் எதுக்குத் தடுக்கணும்?" என்று அன்று ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி. ஒரு நோய் நாட்டுக்குள் வந்துவிட்டது என்பதால் எல்லா ஊருக்கும் எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டதாக ஆகாது. இன்னும் வராத நோய்களும் பல உண்டு. ரப்பர் கருகல் நோய் வெளியே நிற்பது நல்ல உதாரணம். ஒரு ஜன்னல் உடைந்துவிட்டது என்று யாரும் வாசற்கதவைத் திறந்து போட்டுத் தூங்குவதில்லை.

சரி, வில்வத்துக்கு என்ன செய்தோம்? வில்வம் மலேசியாவிலேயே பல கோயில்களில் வளர்கிறது. பக்கத்து ஊர்க் கோயில் மரத்தில் பழுத்து விழுந்த ஒரு பழத்தைக் கேட்டு வாங்கி, விதையைக் கழுவி, தொட்டியில் போட்டோம். முளைத்துவிட்டது. காசிக் கன்றுக்கு இது ஈடாகுமா என்று அந்தப் பெரியவர் இன்னும் கேட்கத்தான் செய்கிறார். ஆனால் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவது அவர்தான்.

வீட்டில் என்ன செய்யலாம்?

ஏடிஸ் கொசுவை ஒழிக்க வாரம் பத்து நிமிடம் ஒதுக்கச் சொல்லி நம் சுகாதார அமைச்சு சொல்கிறது. தொட்டித் தட்டில் தேங்கிய நீரைக் கொட்டப் போகும் அதே பத்து நிமிடத்தில் செடியையும் பார்த்துவிடலாம்.

1. தளிரைப் பாருங்கள், இலையைத் திருப்புங்கள். வெள்ளை நூல், சுருண்ட தளிர், இலைமேல் பிசுபிசுப்பு, அதன்மேல் கரி பூசியது போன்ற பூசணம் ஆகியவை சாறு உறிஞ்சும் பூச்சி இருப்பதன் அடையாளங்கள்.

2. பூச்சி குறைவாக இருந்தால் அந்தத் தளிரை மட்டும் கிள்ளி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, ஓரிரு நாள் வெயிலில் வைத்துவிட்டுக் குப்பையில் போடுங்கள். குழாய் நீரைச் சற்று வேகமாக இலையின் அடியில் பீய்ச்சினாலும் பல பூச்சிகள் போய்விடும்.

3. அதற்கும் அடங்காவிட்டால் ஒரு லிட்டர் நீரில் 5 மில்லிலிட்டர் வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். நண்பகல் வெயிலில் தெளித்தால் இலை கருகும். பறிக்கும் இலையை நன்றாகக் கழுவுங்கள்.

4. கடையில் வாங்கும் இரசாயன மருந்தைக் கண்ணை மூடிக்கொண்டு அடிக்காதீர்கள். கறிவேப்பிலை நாம் உண்ணும் இலை. எந்தப் பயிருக்கு, எந்த அளவு, அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று லேபிளில் இருக்கும். அது இல்லாத போத்தலைத் தொடவே வேண்டாம். கண்டபடி அடித்தால் நமக்கு உதவும் பூச்சிகளும் சாகும். பொன்வண்டு போல உருண்டையாக இருக்கும் லேடிபேர்டு வண்டு பூச்சிகளைத் தின்னும். டமாரிக்சியா என்ற மிகச் சிறிய குளவி சில்லிட்டின் இளம்பூச்சிக்கு அடியில் முட்டையிட்டு அதை அழிக்கும். பாகிஸ்தானின் பஞ்சாபிலிருந்து கொண்டுவந்து, தனிமைப்படுத்திச் சோதித்த பிறகே கலிபோர்னியாவில் அந்தக் குளவியை விட்டார்கள். நல்லது செய்யும் பூச்சிக்கும் அங்கே தனிமைப்படுத்தல் உண்டு, கவனித்தீர்களா?

5. உரத்தை அள்ளிக் கொட்டாதீர்கள். தழைச்சத்து அதிகமானால் தளதளவென்று இளந்தளிர் வரும், சாறு உறிஞ்சும் பூச்சிக்கு அதுதான் பிடிக்கும். மட்கிய உரம் மெதுவாகச் சத்துக் கொடுக்கும்.

6. கறிவேப்பிலைக் கன்றைத் தோண்டிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பது நம் பழக்கம். நல்ல பழக்கம்தான், விட வேண்டாம். கொடுக்கும் முன் இளந்தளிரையெல்லாம் வெட்டிவிட்டு, மிச்ச இலைகளின் அடியைப் பார்த்துக் கழுவிக் கொடுங்கள். எலுமிச்சைக் கன்று வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காமல், நோயில்லாத தாய்மரத்திலிருந்து ஒட்டுக் கட்டியதா என்று நர்சரியில் கேளுங்கள். பாசார் மாலாமில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கும் கன்று பச்சையாக இருப்பதால் மட்டும் நோயில்லை என்று சொல்ல முடியாது.

கோயிலில் என்ன செய்யலாம்?

திருவிழா முடிந்த மறுநாள் கோயில் பின்புறத்தைப் பாருங்கள். மாலை, வாழை இலை, தேங்காய் மட்டை, பிழிந்த எலுமிச்சை எல்லாம் குவிந்து கிடக்கும். இவற்றை ஆற்றில் போடுவதும் தவறு, திறந்த வெளியில் எரிப்பது சட்டப்படியும் குற்றம். நம் இளைஞர் பிரிவு எடுத்துச் செய்யக்கூடிய வேலை இது.

மாலையிலிருந்து நைலான் கயிற்றையும் ஜிகினாவையும் முதலில் பிரித்தெடுங்கள். வாழை இலையைத் துண்டு துண்டாக வெட்டுங்கள். ஓட்டை போட்ட ஒரு பெரிய தொட்டியில் காய்ந்த இலை, தேங்காய் நார் இரண்டு பங்கு, பூவும் பச்சைக் கழிவும் ஒரு பங்கு என்று மாறி மாறி அடுக்குங்கள். பிழிந்த துணி போல ஈரம் இருந்தால் போதும். வாரம் ஒரு முறை கிளறிவிட்டால் இரண்டு மூன்று மாதங்களில் மண் வாசனையோடு உரம் கிடைக்கும். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், காய்ந்த இலை சேருங்கள். நோய் கண்ட கிளையையும் பூச்சி உள்ள தளிரையும் மட்டும் இதில் போடாதீர்கள். வீட்டுத் தொட்டியின் சூடு எல்லாக் கிருமியையும் கொல்லப் போதாது.

இன்னொரு வேலை, கோயில் வளாகத்தில் இருக்கும் செடிகளுக்கு ஒரு பதிவேடு. எந்த மரம், யார் எப்போது நட்டது, கன்று எங்கிருந்து வந்தது, மாதம் ஒரு படம். ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு கைப்பேசியும் போதும். இரண்டு மாதப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தினமும் கடந்து போகும் கண்ணுக்குத் தப்பியது தெரிந்துவிடும்.

பார்ப்பதே முதல் தொண்டு

பயிர் வாடுவதைக் கண்டு தாமும் வருந்தியவர் வள்ளலார் என்று சமய வகுப்பில் படித்திருக்கிறோம். அவருடைய கருணையைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அந்தக் கருணைக்கு முன்னால் நடந்த ஒன்றை நாம் கவனிப்பதில்லை. அவர் நின்று பார்த்தார். பார்க்காத கண்ணுக்கு எந்தப் பயிரும் வாடித் தெரியாது.

மரத்தைத் தெய்வமாகக் கும்பிடும் மரபு நம்முடையது. தலவிருட்சத்தைச் சுற்றி வருகிறோம், மஞ்சள் பூசுகிறோம், குங்குமம் வைக்கிறோம். மூன்று சுற்று சுற்றும்போது ஒரு சுற்றில் இலையையும் நிமிர்ந்து பார்ப்போம். கும்பிடும் கைக்கு இலையைத் திருப்பிப் பார்க்கவும் தெரிந்திருக்கட்டும்.

வார வகுப்பில் கலந்து பேச

1. உங்கள் வீட்டிலும் கோயிலிலும் இருக்கும் ரூட்டேசி குடும்பச் செடிகள் எவை? ஆளுக்கு ஒரு செடியைத் தேர்ந்தெடுத்து, நான்கு வாரம் தளிரைக் கவனித்து எழுதி வாருங்கள்.

2. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் ஆசையாகக் கறிவேப்பிலையோ கன்றோ கொண்டு வருவதாகச் சொன்னால், அவர் மனம் நோகாமல் எப்படி மறுப்பீர்கள்? இருவர் இருவராக நடித்துக் காட்டுங்கள்.

3. பேனா சோதனையை ஐந்து மஞ்சள் இலைகளில் செய்து, முடிவைப் படத்தோடு வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். இலையைப் பறித்து வர வேண்டாம், படம் போதும்.

4. உங்கள் கோயிலில் ஒரு திருவிழாவில் சேரும் பூ, இலைக் கழிவு எத்தனை பை? எடை போட்டுப் பார்த்து, எத்தனை தொட்டி உரம் போடலாம் என்று கணக்கிடுங்கள்.